எதிராளி இல்லாத களம்

ஒகினாவாத் தீவில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், ஓர் இளம் பள்ளி ஆசிரியர் பகலெல்லாம் பாடம் நடத்திவிட்டு இரவானால் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவார். நிலா இல்லாத இரவுகளில் கையில் ஒரு விளக்கு இருக்கும். தினமும் இந்த நேரத்தில் எங்கே போய்வருகிறார் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு எழுந்தது. தாசி வீட்டுக்குத்தான் என்று முடிவுகட்டியவர்களும் உண்டு. அவர் போனது அஸாதோ அங்கோ என்ற குருவின் வீட்டு முற்றத்துக்கு. 1922-இல் கராத்தேயை டோக்கியோவுக்குக் கொண்டுசென்று, அது ஜப்பான் முழுவதும் வேரூன்றக் காரணமாக இருந்த ஃபுனகோஷி கிச்சின்தான் (1868–1957) அந்த ஆசிரியர்.

முற்றத்தில் சண்டை எதுவும் நடக்கவில்லை. குரு தாழ்வாரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். மாணவர் ஒரு கட்டாவைச் செய்துகாட்டுவார். முடித்ததும் அதையே மறுபடி செய்ய வேண்டும். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் அதே கட்டாதான். குருவுக்குத் திருப்தி வரும்வரை அடுத்ததைத் தொட முடியாது. அன்று நைஹான்ச்சி என்றும் பிறகு தெக்கி என்றும் அழைக்கப்பட்ட மூன்று கட்டாக்களுக்கு மட்டும் பத்து ஆண்டுகள் செலவாயின என்று ஃபுனகோஷி பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

கராத்தே படித்தவர்களுக்குக் கட்டாவை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: தடுப்பது, குத்துவது, உதைப்பது, திரும்புவது எல்லாம் மாறாத வரிசையில் கோக்கப்பட்ட தனிப்பயிற்சி அது. எதிரில் ஆள் கிடையாது. இருப்பதாக வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். நைஹான்ச்சி மிக எளிமையான கட்டா. கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, ஒரே நேர்கோட்டில் பக்கவாட்டில் நகர வேண்டும். துள்ளலோ சுழற்சியோ இல்லை. முதல் நைஹான்ச்சி ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நிமிடத்துக்குள் முடிகிற ஒன்றில் ஆண்டுக்கணக்காகக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

நம் சிலம்பக் கூடங்களிலும் இதே கேள்வி எழும். கம்போடு கம்பு மோதவேண்டும் என்ற ஆசையோடு வருகிற பையனைப் பல ஆசான்கள் முதலில் வெறும் காலடிச் சுவடு பழகச் சொல்வார்கள். பிறகு தனியாக நின்று கம்பு சுற்றி வீச்சுப் பழக வேண்டும். எதிரில் இன்னொருவர் வந்து நிற்க நாளாகும். வாளை உறையிலிருந்து உருவும் ஜப்பானிய இயாய்தோவில் பயிற்சியின் பெரும்பகுதியே இல்லாத எதிரியோடுதான். ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ, பிடித்துத் தள்ளும் கலைக்கே 1927-இல் தனியாள் பயிற்சிகளைக் கொண்ட ஒரு தொகுப்பை வகுத்தார். பல மரபுகள் ஒரே வழியைக் கண்டடைந்திருக்கின்றன. அது பழக்கதோஷம் அல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன். உடல் இயங்கும் விதத்திலேயே அதற்குக் காரணம் இருக்கிறது.

காரணத்தை ஒரு குத்திலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். 1979-இல் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் கராத்தேயின் இயற்பியல் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் மைக்கேல் ஃபெல்ட், ரொனால்ட் மெக்நேர், ஸ்டீபன் வில்க். மெக்நேர் லேசர் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர், கராத்தேயில் கறுப்புப் பட்டை வாங்கியவர், பின்பு விண்வெளி வீரரானவர். 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்தபோது இறந்த எழுவரில் அவரும் ஒருவர். தேர்ந்தவர்களின் நேர்க்குத்து நொடிக்கு 5.7 முதல் 9.8 மீட்டர் வரை உச்ச வேகம் எட்டுவதை அவர்கள் அளந்தார்கள். அந்த உச்சம் கை முழுவதும் நீளுவதற்குச் சற்று முன்பே வந்துவிடுகிறது. இலக்கைத் தாண்டிய ஒரு புள்ளியைக் குறிவைத்துக் குத்தச் சொல்லும் பழைய பாடத்துக்கு இதுவே இயற்பியல் காரணம்.

இந்த வேகத்தில் கை இலக்கை அடைய நொடியில் பத்தில் ஒரு பங்கு, சற்றுக் கூடுதலாக இருந்தாலும் இரண்டு பங்குக்குள் ஆகும். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, தசை அசைவதற்கும் ஏறக்குறைய 0.2 நொடி தேவை. ஆக, குத்து கிளம்பிய பிறகு அது சரியாகப் போகிறதா என்று பார்த்துத் திருத்த அவகாசமே இல்லை. தோள் எப்போது முடுக வேண்டும், இடுப்பு எப்போது திரும்ப வேண்டும், மணிக்கட்டு எந்தக் கணத்தில் இறுக வேண்டும் என்பதெல்லாம் கிளம்புமுன்பே எழுதி முடிக்கப்பட்டிருக்க வேண்டும்.

எழுதும் வேலையில் பெரும்பங்கு, தலையின் பின்புறம் அடியில் இருக்கும் சிறுமூளையுடையது. அசைவுக் கட்டளை தசைக்குப் போகும்போதே அதன் நகல் ஒன்று மூளைக்குள்ளேயே இன்னொரு பக்கம் போகிறது. ‘இப்படி ஆணையிட்டால் உடம்பில் இன்ன உணர்வு திரும்பி வரும்’ என்று மூளை முன்கூட்டியே கணித்துவிடுகிறது. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததற்கு இந்தக் கணிப்புதான் காரணம். 1998-இல் சாரா ஜேன் பிளேக்மோர், டேனியல் வோல்பர்ட், கிரிஸ் ஃப்ரித் மூவரும் அதற்குச் சிறுமூளையோடு தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள். எதிர்பார்த்த உணர்வும் வந்த உணர்வும் பொருந்தாவிட்டால் அந்த வித்தியாசம் பாடமாகிறது. அடுத்த கட்டளை சற்றே திருந்துகிறது. திறமை வளர்வது இப்படித்தான்.

எதிரில் ஒருவன் அடிக்க வரும்போது இந்தப் பாடத்தைப் படிப்பது கடினம். பயம், அவனது அசைவு, அவன் கொடுக்கும் அதிர்ச்சி எல்லாம் சேர்ந்து வருகிற உணர்வில், என் இடுப்பு தாமதமாகத் திரும்பியது என்ற சின்னச் செய்தி அமுங்கிப் போய்விடும். தனியாக, மெதுவாகச் செய்யும்போது அது கேட்கிறது. எனக்குத் தெரிந்து தனிப்பயிற்சிக்குச் சொல்லக்கூடிய காரணங்களில் இதைவிட வலுவானது இல்லை.

லண்டன் இம்பீரியல் கல்லூரியிலும் யூனிவர்சிட்டி கல்லூரியிலும் இருந்த எட் ராபர்ட்ஸும் சகாக்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே மிகவும் பொருந்தும். 12 கறுப்புப் பட்டைக்காரர்களை, கராத்தே தெரியாத ஆனால் உடற்பயிற்சியும் வயதும் ஒத்த 12 பேருடன் ஒப்பிட்டார்கள். 5 செ.மீ. தூரத்திலிருந்து குத்தச் சொன்னார்கள். அவ்வளவு குறுகிய இடத்தில் யாருடைய குத்து பலமாக விழுகிறது என்பதைத் தசை வலிமை தீர்மானிக்கவில்லை. மணிக்கட்டும் தோளும் உச்ச வேகத்தை ஒரே கணத்தில் எட்டுவதுதான் தீர்மானித்தது. கறுப்புப் பட்டைக்காரர்களிடம் அந்த ஒத்திசைவு கூடுதலாக இருந்தது. மூளையை ஸ்கேன் செய்தபோது, சிறுமூளையிலிருந்து கிளம்பும் நரம்பிழைக் கற்றைகளின் நுண்ணமைப்பிலும் அவர்கள் வேறுபட்டார்கள். அந்த வேறுபாடு குத்தின் ஒத்திசைவோடும், எந்த வயதில் கராத்தே தொடங்கினார்கள் என்பதோடும் தொடர்புடையதாக இருந்தது. பயிற்சிதான் மூளையை இப்படி மாற்றியது என்று இந்த ஒரு ஆய்வை வைத்து அறுதியிட முடியாது. அப்படிப்பட்ட மூளை வாய்த்தவர்கள்தான் கராத்தேயில் நிலைத்தார்களோ என்னவோ. ஆனால், குத்தின் ரகசியம் தசையில் இல்லை, கணக்கிட்ட நேரத்தில் இருக்கிறது என்பது தெளிவாகிவிட்டது. நேரக்கணக்கு தனியாகவும் பழகக்கூடிய விஷயம்.

அப்படியானால் ஒரே அசைவை இயந்திரம்போல ஆயிரம் தடவை செய்தால் போதுமா? 1920-களில் மாஸ்கோவின் மத்திய உழைப்பு நிறுவனத்தில் நிக்கொலாய் பெர்ன்ஸ்டீன் என்ற உடலியலாளர், சுத்தியலால் உளியை அடிக்கும் தொழிலாளர்களின் அசைவுகளைப் படமெடுத்து அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தார். கைதேர்ந்த தொழிலாளியின் சுத்தியல் முனை ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழுந்தது. ஆனால் அதைக் கொண்டுசென்ற தோள், முழங்கை, மணிக்கட்டின் பாதைகள் ஒரு தடவைபோல் மறுதடவை இல்லை. உடல் ஒரே விடையைப் பார்த்து எழுதுவதில்லை, ஒரே கணக்கை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுகிறது. முற்றத்தில் பத்தாண்டு நைஹான்ச்சி செய்தவரும் ஓர் அசைவை மீண்டும் மீண்டும் பிரதியெடுத்துக்கொண்டிருக்கவில்லை. களைத்த காலோடும், ஈரத் தரையிலும், மனம் கலங்கிய இரவிலும் அந்தக் கணக்கைப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார். கவனமில்லாமல் எண்ணிக்கைக்காகச் செய்கிற கட்டா இதில் எதையும் தராது. அது வியர்வையைத் தரும், அவ்வளவுதான்.

உடம்பையும் அசைக்காமல் பழகினால் என்ன ஆகும்?

பிரான்ஸின் லியோன் நகரில் மார்க் ழானெரோவும் ழான் தெசெத்தியும் 1980-களின் இறுதியில் இதை அளக்கத் தொடங்கினார்கள். ஒருவரைக் கண்ணைக் கட்டி நிறுத்தி, சில மீட்டர் தூரத்திலிருக்கும் குறிவரை மனத்துக்குள்ளேயே நடக்கச் சொன்னார்கள். பிறகு உண்மையிலேயே நடக்கச் சொன்னார்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆனது. தூரம் கூடினால் மனநடைக்கும் நேரம் கூடியது. 25 கிலோ சுமையோடு நடப்பதாகக் கற்பனை செய்தவர்களுக்கு மனநடை இன்னும் நீண்டது. அடுத்த சோதனைகளில், வேகமாக நடப்பதாக நினைத்துக்கொண்டு அசையாமல் இருந்தவர்களின் இதயத் துடிப்பும் மூச்சும் நினைத்த வேகத்துக்கேற்ப ஏறின. தசை எதுவும் வேலை செய்யவில்லை. ஆனாலும் உடல் புறப்படத் தயாராகிவிட்டது.

1996-இல் ஆஞ்செலா சிரிகுவும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. அசைவை ஆளும் மூளைப் புறணியில் சேதமடைந்த நோயாளிக்கு விரலசைவு மெதுவானது. கற்பனையில் விரலை அசைக்கச் சொன்னாலும் அதே அளவு மெதுவாகவே அசைந்தது. உச்சிக்கதுப்பில் சேதமடைந்தவர்களுக்கோ கற்பனையும் நிஜமும் பொருந்தவேயில்லை. தன் கையால் என்ன முடியும் என்று முன்கூட்டிச் சொல்லும் திறனையே அவர்கள் இழந்திருந்தார்கள். ஆக, அசைவைக் கற்பனை செய்வது மனத்திரையில் படம் பார்ப்பது அல்ல. நிஜ அசைவைத் திட்டமிடும் அதே மூளைப் பகுதிகளில் பெரும்பாலானவற்றை ஓடவிட்டு, கடைசி வாசலில் கட்டளையை நிறுத்திவைப்பது.

நிறுத்திவைத்த கட்டளைக்கும் பலன் உண்டு. அயோவா பல்கலைக்கழகத்தில் குவாங் யூ, கெல்லி கோல் இருவரும் 1992-இல் வெளியிட்ட சோதனையில், சுண்டுவிரலைப் பக்கவாட்டில் விரிக்கும் தசைக்கு நான்கு வாரப் பயிற்சி கொடுத்தார்கள். உண்மையில் பயின்றவர்களுக்கு வலிமை 30 சதவீதம் கூடியது. முழு பலத்தோடு விரிப்பதாகக் கற்பனை மட்டும் செய்தவர்களுக்கு 22 சதவீதம். எதுவும் செய்யாதவர்களுக்கு 4 சதவீதத்துக்கும் குறைவு. கற்பனையால் தசை பருத்துவிடாது. மூளை அனுப்பும் கட்டளை கூர்மையாகியிருக்கிறது. 1995-இல் ஆல்வரோ பாஸ்குவால் லியோனே, ஐந்து விரல்களால் வாசிக்கும் ஒரு பியானோப் பயிற்சியைப் புதியவர்களுக்கு நாளுக்கு இரண்டு மணி நேரம், ஐந்து நாள் கொடுத்தார். ஒரு குழு வாசித்தது. இன்னொரு குழு பியானோ முன் உட்கார்ந்து மனத்தில் மட்டும் வாசித்தது. விரல்களை இயக்கும் மூளைப் பரப்பு இரு குழுவிலும் விரிந்தது. மனத்தில் வாசித்தவர்கள் கையால் வாசித்தவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். ஆனால் அதன்பின் ஒரே ஒரு இரண்டு மணி நேர நிஜப் பயிற்சியில் அவர்களை ஏறக்குறையப் பிடித்துவிட்டார்கள்.

இதெல்லாம் விரலும் நடையும். சண்டைக்கு வந்தால்? கராத்தேக்காரர்களை வைத்தே 1981-இல் ராபர்ட் வெயின்பெர்க், தாமஸ் சீபோர்ன், ஆலன் ஜாக்சன் மூவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கராத்தே வகுப்பு மாணவர்களில் ஒரு குழு உடலைத் தளர்த்தும் பயிற்சியும் அதோடு இணைந்த மனக்காட்சிப் பயிற்சியும் செய்தது. ஒரு குழு தளர்வு மட்டும், ஒரு குழு மனக்காட்சி மட்டும். நான்காவது ஒப்பீட்டுக் குழு. ஆறு வாரம் கழித்துத் தனி நுட்பம், நுட்பத் தொடர்கள், குமித்தே எனப்படும் நேர்ச்சண்டை மூன்றிலும் மதிப்பெண் கொடுக்கப்பட்டது. முதல் இரண்டில் குழுக்களுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. நேர்ச்சண்டையில் மட்டும், தளர்வும் மனக்காட்சியும் சேர்த்துப் பழகியவர்கள் மற்ற எல்லோரையும்விட நன்றாகச் செய்தார்கள்.

எதிராளியே இல்லாத பயிற்சி, எதிராளி இருக்கிற இடத்தில்தான் உதவியிருக்கிறது! சண்டையில் மாணவரைக் கைவிடுவது பெரும்பாலும் நுட்பம் அல்ல. கண்முன் ஒருவன் பாய்ந்து வரும்போது மூச்சு நெஞ்சிலேயே நின்றுபோவதுதான். அமைதியான உடலோடு அந்தக் கணத்தைப் பலமுறை மனத்தில் கடந்தவருக்கு அது முதல் தடவையாக வருவதில்லை. மனக்காட்சி மட்டும் பார்த்தவர்கள் இந்த அளவு பயன் பெறவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. இறுகிய உடலோடு சண்டையைக் கற்பனை செய்தால் இறுக்கமும் சேர்ந்தே பதியும் என்பது என் ஊகம்.

ஆனால் ஜப்பானில் ‘பாய்மேல் நீச்சல் பழகுவது’ என்றொரு பழமொழி உண்டு. கட்டாவை எதிர்ப்பவர்களின் வாதம் அதுதான். நீரையே தொடாதவன் பாயில் எத்தனை கை போட்டாலும் குளத்தில் மூழ்குவான். இந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. அதற்கும் அறிவியலின் துணை இருக்கிறது.

2005-இல் லண்டனில் பெயாட்ரிஸ் கால்வோ மெரினோ தலைமையில் நடந்த ஆய்வில், பாலே கலைஞர்களுக்கும் பிரேசிலின் சண்டைக் கலையான கப்போய்ரா ஆடுபவர்களுக்கும் இரண்டு கலைகளின் காட்சிகளையும் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். பாலே தெரிந்தவருக்குப் பாலேயையும், கப்போய்ரா தெரிந்தவருக்குக் கப்போய்ராவையும் பார்க்கும்போதுதான் அசைவுத் திட்டமிடலுக்கான பகுதிகள் அதிகம் கிளர்ந்தன. உடம்பில் இருப்பதைத்தான் மூளை தனக்குள் ஓட்டிப் பார்க்கிறது. ஜப்பானிய ஆய்வாளர் மோரியும் சகாக்களும் 2002-இல் கராத்தே வீரர்களைச் சோதித்தபோது, ஓர் ஒளிப்புள்ளிக்கு எதிர்வினை காட்டும் வேகத்தில் வீரர்களுக்கும் புதியவர்களுக்கும் சிறு வேறுபாடே இருந்தது. எதிராளி தாக்கும் காணொளியைக் காட்டி, அடி முகத்துக்கா வயிற்றுக்கா என்று கேட்டபோது வீரர்கள் தெளிவாக முந்தினார்கள். அவர்களுடைய கண் வேகமானது அல்ல. அடி எங்கே போகும் என்பதைத் தோளும் இடுப்பும் முன்பே சொல்லிவிடுவதை அவர்கள் படிக்கத் தெரிந்தவர்கள். அதை உண்மையான மனிதர்கள்தான் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

எனவே காற்றில் நிற்கும் எதிராளி, என்றோ நம் மேல் கைவைத்த ஒருவராக இருக்க வேண்டும். ஒருபோதும் அடிவாங்காதவர் கற்பனை செய்யும் எதிராளி வசதியானவர். நம் தடுப்புக்கு ஏற்றபடி குத்துவார், நம் குத்துக்கு ஏற்றபடி விழுவார். ஃபுனகோஷியின் இன்னொரு குருவான இதோசு அங்கோ, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒகினாவாப் பள்ளிகளுக்குக் கராத்தேயைக் கொண்டுவந்தார். வகுப்பு முழுவதும் வரிசையாக நின்று ஒரே குரலுக்குக் கட்டா செய்யும் முறை அதன்பின் பரவியது. கலையைக் காப்பாற்றியது அந்த முறைதான், நன்றியோடு சொல்ல வேண்டும். அதே முறையில்தான் பல இடங்களில் எதிராளி கட்டாவிலிருந்து காணாமலும் போனார். இந்தக் கை எந்தப் பிடியை விடுவிக்கிறது, இந்தக் கால் யாருடைய சமநிலையைக் குலைக்கிறது என்று கேட்காமலே பட்டை மேல் பட்டை வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் ஏராளம். ஒவ்வொரு அசைவின் பயனையும் ஒரு தோழரோடு பிரித்துப் பார்க்கும் ‘புன்காய்’ பயிற்சியைக் கட்டாவிலிருந்து பிரிக்கவே கூடாது. தோழரோடு செய்து பார்த்த மாலையில்தான் தனியாகச் செய்யும் கட்டாவுக்கு உயிர் வருகிறது.

கற்பனையை எப்படிச் செய்வது என்பதிலும் தெரிந்தவை சில உண்டு. படுத்துக்கொண்டு கண்மூடிக் கனவு காண்பதைவிட, சண்டைக்கு நிற்கும் நிலையில், அந்த உடையில், முடிந்தால் அந்தக் களத்திலேயே நின்று செய்யும்படி 2001-இல் பால் ஹோம்ஸும் டேவ் காலின்ஸும் வகுத்த முறை சொல்கிறது. மெதுவான சினிமாக் காட்சியாக ஓட்டாமல் நிஜ வேகத்தில் ஓட்ட வேண்டும். நேரம் பிசகினால் பழகுவதும் பிசகுகிறது. தூரத்திலிருந்து தன்னைப் பார்ப்பதைவிட, கால் தரையை அழுத்துவதையும் முஷ்டி இறுகுவதையும் உள்ளிருந்து உணர்வது முக்கியம். நீண்ட நேரம் தேவையில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்த ஜேம்ஸ் டிரிஸ்கெல் குழுவின் 1994-ஆம் ஆண்டுக் கணக்குப்படி சுமார் இருபது நிமிடம் போதும். நாளாக ஆகப் பலன் தேய்வதால் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். நிஜப் பயிற்சிக்கு அது ஈடாகாது என்பதையும் அதே தொகுப்பு சொல்கிறது.

தோல்வியை மனத்தில் ஓட்டுவது ஆபத்து. 1985-இல் ராபர்ட் வுல்ஃபோக்கும் சகாக்களும் கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தள்ளும் சோதனை நடத்தினார்கள். பந்து குழியைத் தவறவிடுவதாகக் கற்பனை செய்தவர்களின் ஆட்டம் கெட்டது. போட்டிக்கு முந்தைய இரவில், போன தடவை வாங்கிய அடியைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கும் மாணவரும் பயிற்சிதான் செய்துகொண்டிருக்கிறார், தவறான பாடத்தை. அந்த அடியை நினைக்கத்தான் வேண்டுமென்றால், அது வந்த கணத்தில் விலகித் திருப்பியடிப்பதுவரை நினைத்து முடிக்க வேண்டும்.

அடிபட்டு ஓய்வில் இருப்பவர்களுக்கு இவையெல்லாம் இன்னும் நேரடியாக உதவும். அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் பிரையன் கிளார்க்கும் சகாக்களும் 2014-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதைக் காட்டுகிறது. ஆரோக்கியமானவர்களின் மணிக்கட்டைக் கட்டுப்போட்டு நான்கு வாரம் அசையாமல் வைத்தார்கள். ஒரு பகுதியினர் வாரத்துக்கு ஐந்து நாள், கட்டுக்குள் இருக்கும் மணிக்கட்டைப் பலமாக மடக்குவதாகக் கற்பனை செய்தார்கள், கை அசையவில்லை. கட்டைப் பிரித்தபோது, சும்மா இருந்தவர்களின் மணிக்கட்டு வலிமையில் 45 சதவீதம் போயிருந்தது. கற்பனை செய்தவர்கள் இழந்தது 24 சதவீதம். கை முறிந்தாலோ மூட்டு பிசகினாலோ வகுப்புக்கு வராமல் வீட்டில் முடங்கும் மாணவரை, மருத்துவர் அனுமதிக்கும் நாள்வரை, தினமும் வந்து ஓரமாக உட்காரச் சொல்லலாம். மற்றவர்கள் செய்யும் கட்டாவை அவர் அதே வேகத்தில், அதே மூச்சில், கட்டுப்போட்ட கையோடு உள்ளுக்குள் செய்துகொண்டிருக்கட்டும்.